கை எடுத்த பிறகு

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதை முக்கால் மணி நேரத்து வேலையாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். படுத்தார்கள், எண்ணெய் பட்டது, வலி தளர்ந்தது, குளித்தார்கள், கிளம்பினார்கள் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று சின்னதாக ஒரு எண்ணெய்ச் சிகிச்சை நிலையம் நடத்திவரும் எனக்கு அது வேலையில் ஒரு பாதிதான். மறு பாதி, வந்தவர் எழுந்து உட்கார்ந்த பிறகு தொடங்குகிறது. எப்படிக் குளிப்பது, எதைப் பூசுவது, எதைப் பூசாமல் விடுவது, வெயிலில் எப்போது இறங்குவது, ராத்திரி எப்படித் தூங்குவது என்று சொல்லி அனுப்பாத சிகிச்சை, மருந்தைக் கொடுத்துவிட்டு வேளை சொல்லாமல் அனுப்புவதற்குச் சமம்.

என்னிடம் வருபவர்களில் பீடி சுற்றும் அக்காமார் உண்டு. மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடியே நாளெல்லாம் வேலை; பிடரியும் தோளும் இறுகிப் போயிருக்கும். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் பெண்கள் வருகிறார்கள். ஆசிரியைகள், பிள்ளை பெற்றுச் சில மாதங்களான தாய்மார், முட்டுவலிக்கார ஆச்சிமார் வருகிறார்கள். இவர்கள் யாருக்கும் வாரா வாரம் வந்து படுக்க நேரமோ காசோ இல்லை. அதனால், ஒரு முறை கிடைத்த சுகத்தை எத்தனை நாள் அவர்கள் உடம்பில் தங்கவைக்க முடியும் என்பதுதான் என் தொழிலின் கேள்வி. அதற்கான பதிலில் பெரும்பகுதி பின்கவனிப்பில் இருக்கிறது.

தோல் செய்யும் வேலை

கையில் எண்ணெய் எடுப்பதற்கு முன் தோலைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் தோலின் மேல்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து, அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் நிரம்பிய படலம் அது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமலும் காப்பது அதுதான். அதன் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். நாம் தேய்க்கும் சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரப்பக்கம் நிற்கும். ஒவ்வொரு சோப்புக் குளியலுக்குப் பிறகும் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் போராட வேண்டியிருக்கிறது.

மேல்தோல் சுமார் நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரே நாளில் பளபளப்பு தருவதாகச் சொல்லும் எதுவும் ஒன்று மேலே பூசிய பூச்சாக இருக்கும். இல்லையென்றால் மேல்படலத்தைச் சுரண்டி எடுத்ததாக இருக்கும். தோலுக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளத் தெரியும். நம் வேலை அதற்கு இடைஞ்சல் செய்யாமல் துணை நிற்பது. நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை.

யாருக்கு எந்த எண்ணெய்

எங்கள் பக்கம் எண்ணெய்க் குளியல் என்றாலே நல்லெண்ணெய். வாகைமரச் செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெய்க்கு ஒரு மணமும் கனமும் உண்டு. அதில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கின்றன. செசமின், செசமோலின் போன்ற பொருள்கள் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காமல் காக்கின்றன. தேய்க்கும்போது கைக்கு வழுக்கலும் கிடைக்கிறது, பிடியும் கிடைக்கிறது. இந்த இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் எண்ணெய்கள் குறைவு.

அதற்காக எல்லாருக்கும் நல்லெண்ணெயே என்று நான் வைத்துக்கொள்வதில்லை. வறண்டு வெடித்த காலுக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாக நிற்கும். அதே தேங்காய் எண்ணெயைப் பரு வரும் முகத்தில் பூசினால் துளைகள் அடைத்துப் பரு கூடும். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பானது. தனியாகப் பூசினால் கை நகராது. நல்லெண்ணெயில் கொஞ்சம் கலந்து முட்டிக்கும் குதிகாலுக்கும் மட்டும் வைப்பேன்.

ஆலிவ் எண்ணெய் விலை கூடியதால் உசத்தி என்று நினைத்துக் கைக்குழந்தைக்குத் தேய்க்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கையில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் பூசிவந்தவர்களின் தோல்காப்பு பலவீனமானது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிக் கெடுக்கவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் மேல்படலத்தின் கொழுப்பு வரிசையைக் குலைப்பதே காரணம். தாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசிப் பார்த்தபோது மருத்துவமனைத் தொற்று குறைந்ததை 2005-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. நம் வீட்டுச் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் எண்ணெய் அது. விலையை வைத்துத் தோலுக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

தலைக்கு வேறு கணக்கு. பொடுகு இருப்பவர் இரவு முழுக்க எண்ணெய் ஊறவைத்தால் குறையும் என்று நம்புகிறார். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு. முதுகிலும் மார்பிலும் வரும் தேமலுக்கும் அதே பூஞ்சைதான் காரணம். அதனால் பொடுகோ தேமலோ இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் வைக்காமல், முதலில் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். எண்ணெய்த் தொழில் செய்பவளே எண்ணெய் வேண்டாம் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கிறது. எண்ணெய்மீது எனக்கிருக்கும் மரியாதைதான் அப்படிச் சொல்லவைக்கிறது.

எண்ணெயின் சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துத்தான் சூடேற்றுவேன்; நேரடித் தீ கிடையாது. உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக, 40 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டுமே தவிரச் சுள்ளென்று இருக்கக் கூடாது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குச் சூடு தெரியாமல் போயிருக்கலாம். அவர்களுக்குச் சூடு போதுமா என்று கேட்டுப் பயனில்லை; என் கையைத்தான் நம்ப வேண்டும்.

தொடுவதற்கு முன் கேட்பது

காலின் ஒரு பக்கக் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக வலிக்கிறது என்றால் நான் கை வைப்பதில்லை. உள்ளே ரத்தக்கட்டி உறைந்திருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்வேன். காய்ச்சல், ஆறாத புண், பரவும் தோல்தொற்று, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, கர்ப்பம், அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகே பாய் விரிப்பேன்.

ஜவுளிக்கடைப் பெண்களிடம் காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா என்று தவறாமல் பார்ப்பேன். நின்றே வேலை செய்பவர்களுக்கு அது சகஜம். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்ததே அந்தக் கால்களுக்காகத்தான். சுருண்ட நரம்பின் மேல் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அதைச் சுற்றி, பாதத்திலிருந்து மேல்நோக்கி, இறகு பட்டது போல் நீவலாம். வீட்டுக்குப் போனதும் சுவரில் காலைச் சாய்த்துத் தூக்கி வைத்துச் சற்று நேரம் படுக்கச் சொல்வேன். வேலைக்கு நடுவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்வேன். கெண்டைச்சதை சுருங்கி விரிந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும்.

கையின் வேகம்

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். புற மருத்துவத்தில் ஒன்று, உடம்பைப் பிடித்து நீவிவிடும் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதில் ஒன்பது வகை. எங்கள் ஊரில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால், இந்தப் பெயர்கள் இங்கே சாதாரண மக்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒன்பதையும் ஒரே உடம்பில் செய்து காட்டுவது திறமை ஆகாது. இந்த உடம்புக்கு இன்றைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்வதில்தான் தொழில் இருக்கிறது. பீடி சுற்றும் அக்காவின் பிடரிக்குப் பிடித்தலும் மெதுவான அழுத்தலும் போதும்; இழுத்தலும் முறுக்கலும் கழுத்தில் என் கையால் நடக்காது. கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கெடுப்பதை நான் எவருக்கும் செய்வதில்லை. கழுத்து வழியே மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய் அதில் கிழிந்துபோக வாய்ப்புண்டு.

தளர்வு எங்கிருந்து வருகிறது? அழுத்தத்திலிருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 'நல்லா அமுக்குங்க அக்கா' என்பார்கள். முடி வளரும் தோலில் மெல்லிய நரம்பிழைகள் சில, மெதுவான வருடலுக்கென்றே இருக்கின்றன. சுவீடனின் கோத்தன்பர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தொடும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. தொடப்படுபவரும் அந்த வேகத்தையே இதமானது என்கிறார். அதைவிட வேகமாகவோ மிக மெதுவாகவோ போனால் அந்த இதம் குறைகிறது.

இதை நான் கைக்கணக்காக வைத்திருக்கிறேன். மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறக்குறைய அரை மீட்டர். ஒரு நீவலுக்குப் பத்து நொடி என்றால் நொடிக்கு 5 சென்டிமீட்டர். வேலை கற்றுக்கொள்ள வரும் பெண்பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது இந்த வேகத்தைத்தான். பிடியும் அழுத்தமும் பிறகு வரும். கடிகாரத்தைப் பார்க்காமல், வாய்விட்டு எண்ணாமல், அந்தப் பத்து நொடி கைக்குள் இறங்கிவிட வேண்டும். அவசரப்படுகிற கையைப் படுத்திருப்பவரின் தோல் உடனே கண்டுபிடித்துவிடும். அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார் என்ற நினைப்பு கையில் இருந்தால், அந்த நேரம் வீண்.

எண்ணெய் தேய்ப்பதால் உடம்பின் நச்சு வெளியேறுகிறது என்று விளம்பரப் பலகைகளில் எழுதுகிறார்கள். என் சுவரில் அப்படி எழுதவில்லை. கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், கடும் உடற்பயிற்சி செய்த இளைஞர்களின் ஒரு காலை மட்டும் நீவிவிட்டு, இரண்டு காலிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்து ஒப்பிட்டு 2012-இல் ஆய்வு வெளியிட்டார்கள். லாக்டிக் அமிலத்தில் வேறுபாடு இல்லை. அழற்சிக்கான குறிகள் மட்டும் நீவிய காலில் குறைந்திருந்தன. உண்மையில் நடப்பதே இவ்வளவு அருமையாக இருக்கும்போது, நடக்காத ஒன்றைச் சொல்லி ஏன் விற்க வேண்டும்? பொய்யை நம்பி வருபவர், மறுநாள் அந்த நச்சைத் தேடிப் பேதி மருந்து குடித்துப் பட்டினியும் கிடப்பார். பின்கவனிப்பு அங்கேயே கெட்டுப்போகும்.

எண்ணெயை எடுப்பது

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு எண்ணெய்க் குளியல் என்றதும் சாரல் காலத்துக் குற்றாலம் நினைவுக்கு வரும். கல்லில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவார்கள், பிறகு அருவி. இன்று அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை இருக்கிறது. அது நியாயமானது, அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் கலந்து, கீழே வயலுக்கும் வாய்க்கும் போகிறது. எண்ணெயை எப்படிப் பூசுகிறோம் என்பதைப் போல எப்படி எடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

பூசி 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதற்குமேல் ஊறுவதால் கூடுதலாக ஒன்றும் வந்துவிடாது. வெந்நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஆவி பறக்கக் கொதித்த நீர் எண்ணெயோடு தோலின் சொந்தக் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும். தலைக்குச் சிகைக்காய் அல்லது அரப்பு. இரண்டிலும் இருக்கும் சப்போனின் இயற்கையாகவே நுரைத்து எண்ணெயை இழுக்கும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து தோலில் படிகிற தொல்லையும் இவற்றில் குறைவு. கண்ணில் பட்டால் மட்டும் இரண்டுமே கடுமையாக எரியும். குனிந்து அலசப் பழக்க வேண்டும்.

உடம்புக்கு நலங்கு மாவு. நான் திரிப்பது இப்படி: பாசிப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 100, ரோஜா இதழ் 100, பூலாங்கிழங்கு 50, கோரைக்கிழங்கு 50, வெட்டிவேர் 25, கஸ்தூரி மஞ்சள் 50. எல்லாம் நிழலில் காய வேண்டும். மில்லில் திரிக்கும்போது, நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் கொட்டக் கூடாது. இயந்திரத்தில் ஒட்டிய மிளகாய்த்தூள் உடம்பெல்லாம் எரியவைத்துவிடும். திரித்ததை வெள்ளைத் துணியில் வஸ்திரகாயம் செய்து நயமான தூளை மட்டும் எடுக்க வேண்டும். நறநறவென்ற குருணை, கண்ணுக்குத் தெரியாத கீறல்களைத் தோலில் போடும். ஈரக்கை படாத பாட்டிலில் அடைத்து, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பழைய நலங்கு மாவுக் குறிப்புகள் பலவற்றில் கார்போக அரிசி இருக்கும். அதை நான் சேர்ப்பதில்லை. அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்தும் பொருள் அது. தோலை வெயிலுக்குக் கூச்சமாக்குவதே அதன் குணம். மருத்துவர் அளந்து கொடுத்தால் மருந்து. தெரியாமல் பூசிக் குளித்துவிட்டு மத்தியான வெயிலில் ஸ்கூட்டி ஓட்டினால் சிவந்து, கொப்புளித்து, கறுத்துப்போகும்.

கஸ்தூரி மஞ்சளிலும் கவனம் வேண்டும். அசல் கிழங்கு உள்ளே வெளிர் நிறமாக, கற்பூர வாசத்தோடு இருக்கும். தோலில் மஞ்சள் கறை ஏற்றாது. அதே பெயரில் மஞ்சக்கூவையும் விற்கிறார்கள். பளீரென்ற மஞ்சள் நிறம் நல்ல சரக்குக்கு அடையாளம் ஆகாது.

அன்றைய நாள்

எழும்போது சடாரென்று எழக் கூடாது. ரத்தக் குழாய்கள் தளர்ந்திருப்பதால் தலை சுற்றும். பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி உட்கார்ந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிற்க வேண்டும். எண்ணெய்க் காலோடு குளியலறைக்கு நடப்பதுதான் அந்த நாளிலேயே ஆபத்தான நேரம். ஆச்சிமாரை நான் கைப்பிடித்தே கூட்டிப்போவேன். வீட்டில் செய்பவர்கள் பாதத்துக்குக் கடைசியாக, குளியலறை நாற்காலியில் உட்காரவைத்த பிறகு எண்ணெய் வைக்கலாம்.

குளித்ததும் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் துடைக்கக் கூடாது. தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வறண்ட இடங்களில் மட்டும் சில துளி எண்ணெயோ மணமில்லாத க்ரீமோ வைத்தால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். முற்றும் காய்ந்த பிறகு எவ்வளவு பூசினாலும் அந்தப் பலன் வராது. நல்லெண்ணெய்க் குளியலின் பலன் மூன்று நாள் நிற்பதும் மூன்று மணி நேரத்தில் போவதும் பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடத்தில் தீர்மானமாகிறது.

அன்றைக்குப் புருவம் திருத்துவது, வேக்ஸிங், ப்ளீச் எதுவும் வேண்டாம். நீவிச் சூடேறிய தோல் எரிச்சலுக்குத் தயாராக இருக்கும். வேறொரு நாள் வேக்ஸிங் செய்தாலும் அடுத்த ஒரு நாளுக்கு வெந்நீர், இறுக்கமான உடை, மணத் தைலம் மூன்றையும் தள்ளிவையுங்கள். எரிச்சலுக்குக் கற்றாழை நல்லது. ஆனால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கவைக்கும். மடலைச் செங்குத்தாகச் சாய்த்துவைத்துப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்சதையை நன்றாகக் கழுவிய பிறகே பூச வேண்டும். எதுவானாலும் முதல் முறை முழங்கையின் உள்பக்கம் பூசி ஒன்றிரண்டு நாள் பார்த்த பிறகு முகத்துக்கு.

முகத்தில் எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் பிஎச் அளவு 2-ஐ ஒட்டியது. தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல நூறு மடங்கு கடுமை. எலுமிச்சை வகைகளிலும் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள்கள் உண்டு. கறுமை போக்கப் பூசியதே மாதக்கணக்கில் கறுமையை விட்டுப்போகும்.

ராத்திரித் தூக்கத்துக்காக வருபவர்களிடம், வீட்டில் எண்ணெய் தேய்ப்பதானால் தூங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பாகக் குளித்து முடியுங்கள் என்பேன். குளியலில் கை கால்களுக்கு ஓடும் ரத்தம் உடம்பின் உள்சூட்டை வெளியே விடுகிறது. உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வருகிறது. குளித்த உடனே படுத்தால் அந்த இறக்கம் முழுதாக நடந்திராது. அன்று இரவு கணவரோ மகளோ அந்தப் பத்து நொடி வேகத்தில் முதுகை நாலு முறை நீவிவிட்டால் அதைவிடச் சிறந்த மருந்தில்லை. அதற்காகவே உடன் வருபவர்களின் கையைப் பிடித்து அந்த வேகத்தைக் காட்டிக்கொடுத்து அனுப்புகிறேன். தொழில் ரகசியம் என்று இதை மூடிவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எண்ணெய் ஊறிய துண்டுகளைக் குவியலாகப் போட்டுவைக்கக் கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறும். இயந்திரத்தில் உலர்த்திச் சூட்டோடு மடித்து அடுக்கிய துண்டுகள் தீப்பிடிப்பதும் உண்டு. நன்றாகத் துவைத்து விரித்துக் காயப்போட வேண்டும்.

கைக்குழந்தை வீட்டுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு. குழந்தைக்கு மெதுவாக எண்ணெய் தடவுவது நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அங்கே தங்கி நிமோனியா ஆகிவிடும். 'எங்க காலத்துல விட்டோமே' என்று ஆச்சிமார் சொல்வார்கள். அவர்களைக் கோபிக்காமல், 'உங்க கையே போதும் ஆச்சி, மூக்குல மட்டும் வேண்டாம்' என்பேன். குழந்தையை நீவும் அவர்கள் கையின் பக்குவம் நமக்கு வராது. அதை விட்டுவிடாமல் இதை மட்டும் நிறுத்தச் சொல்வதுதான் முறை.

இயற்கை என்ற நம்பிக்கை

மூலிகையும் எண்ணெயும்தான் என் பிழைப்பு. அதனாலேயே, இயற்கையானது என்ற ஒரே காரணத்தால் ஒன்று தீங்கற்றது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். கார்போக அரிசியும் எலுமிச்சையும் கற்றாழைப் பாலும் மண்ணில் விளைந்தவைதான். மூலிகை என்ற பெயர் ஒட்டிவரும் களிம்புகளில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது இன்னும் பெரிய கவலை. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அரிதான சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை மருத்துவர்கள் துருவி விசாரித்தபோது, முகம் வெளுக்கப் பூசிய களிம்பும் அதிலிருந்த பாதரசமும் தெரியவந்தன. பல பெண்கள் கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2018-இல் ஆணையிட்டது. முதல் சில வாரம் முகம் மின்னும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரத்த இழைகள் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள்.

அப்படி மெலிந்த முகத்தோடு வரும் பெண்ணுக்கு என் எந்த மாவும் எண்ணெயும் பொருந்தாது. அவள் முகத்தில் நான் எதுவும் வைப்பதில்லை. தோல் மருத்துவரிடம் போகச் சொல்லி, தோளையும் கையையும் மட்டும் நீவிவிட்டு அனுப்புகிறேன். கறுத்த நிறத்தை ஒரு நோயாக எண்ணி வருகிற பிள்ளைகளிடம், உன் தோல் நலமாக இருக்கிறது, இதற்குச் சிகிச்சை தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது என் வேலையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. வீட்டில் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லாததால்தான் அவள் களிம்பைத் தேடிப் போகிறாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அதில் முன்பக்கம் பத்து நிமிடம் கேட்கவும் பின்பக்கம் பத்து நிமிடம் சொல்லவும் எடுத்து வையுங்கள். கட்டணத்தை அந்த இருபது நிமிடத்தையும் சேர்த்தே நிர்ணயம் செய்யுங்கள். அப்போதுதான் அதை வெட்டத் தோன்றாது. சொன்னதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு முறை சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லவையுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் பொருளை விற்பதற்காக அந்த நேரத்தைச் செலவிடாதீர்கள். நன்றாகச் சொல்லி அனுப்பினால் அவர் அடிக்கடி வரத் தேவையிருக்காது என்பது உண்மை. அவர் வராத வாரங்களிலும் அந்தத் தோள் வலிக்காமல் இருக்கிறதென்றால் நம் கை அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அவர் தன் தங்கையையும் மதினியையும் அனுப்பிவைப்பார். என் நிலையம் இத்தனை காலம் அப்படித்தான் நடக்கிறது.